நாலு இடச்சுற்று

என் தம்பிக்கு அந்த ஸ்வீடன்காரனின் எலும்புகள் மனப்பாடம். தோள்பட்டை முறிந்தது போலந்தில், தொடை இங்கிலாந்தில், முதுகெலும்பில் விரிசல் விட்டது சொந்த ஊர் மைதானத்தில். பதினைந்து வயதில் தொடங்கி நாற்பதை நெருங்கும் வரை மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டியவன். ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்து மறுபடி ஜெயித்தான். அந்த 'மறுபடி'யில்தான் தம்பி மயங்கிப் போனான். எனக்கோ அந்தக் கதையில் ஆஸ்பத்திரி மட்டும்தான் கண்ணில் பட்டது.

தம்பி ஒன்றும் சின்னப் பிள்ளை இல்லை. முப்பத்து மூன்று வயது, லுக்குட்டில் மோட்டார் பட்டறையில் வேலை. நான் சிரம்பானில் இருக்கிறேன். சுவா பக்கத்துத் தோட்டத்தை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் அம்மாவைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். அவன் அங்கே அம்மாவைப் பார்க்க வருவதாகச் சொல்லிக்கொண்டு மைதானத்துக்குத்தான் வருவான்.

ஸ்பீட்வே என்று அந்தப் பந்தயத்துக்குப் பெயர். மண் தரையில் நாலு சுற்று. இடது பக்கம் மட்டும்தான் திரும்ப வேண்டும். மோட்டாருக்கு பிரேக் கிடையாது. பிரேக் இல்லாததை ஒரு பெருமையாகச் சொல்லும் மனிதர்களோடு எப்படி வாதாடுவது? தம்பி பழைய மோட்டார் ஒன்றை வாங்கி, பிரேக்கைக் கழற்றி, இடது பக்க மிதியை அறுத்தெடுத்தான். இடது பூட்ஸின் அடியில் இரும்புத் தகடு பொருத்தினான். வளைவில் அந்தக் காலைத் தரையில் ஊன்றி வழுக்கிக்கொண்டே திரும்புவான். யாரும் பந்தாடாத தோட்டத்து மைதானத்தில், பாமாயில் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே, புல் செத்துச் செம்மண் வட்டம் ஒன்று விழுந்தது. வாரா வாரம் அது ஆழமானது.

அம்மா ஒருநாள் மைதானத்தை ஒட்டிய கோயில் வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

"எடது பக்கமாவே சுத்துறான்டி. எழவுலதான் அப்படிச் சுத்துவாங்க."

"சும்மா இரும்மா. வெள்ளைக்காரன் எல்லாரும் அப்படித்தான் சுத்துறான். செத்தா போயிட்டான்?"

வாய் அப்படிச் சொல்லிவிட்டது. மனம் கேட்கவில்லை. அப்பாவின் உடலைத் தோளில் குடத்தோடு இடமாகச் சுற்றி வந்தவன் இவன்தான். அதற்குப் பிறகு மைதானத்தில் அவன் முதுகைப் பார்க்கும்போதெல்லாம் தோளில் அந்தக் குடம் தெரிந்தது. படித்தவள், சாமி பூதம் என்று அலையாதவள் நான். ஆனால் பயந்தேன். வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டே பயந்தேன்.

அடுத்த வாரம் வேறு தோட்டத்து ஆட்களோடு முதல் பந்தயம். முந்தைய ஞாயிறு காலை கடைசிப் பயிற்சி. அம்மா கோயிலுக்குள் இருந்தார். ஓட்டி முடித்து அவன் ஓரங்கட்டியபோது நான் போய் நின்றேன்.

"டேய், மூணு சுத்து வலது பக்கமா சுத்திட்டு நிறுத்து."

"ரைட்ல இது வளையாது லா அக்கா. எல்லாம் லெப்டுக்குத்தான் செட் பண்ணியிருக்கேன்."

"மெதுவாப் போ. உன்னை யாரு பறக்கச் சொன்னா?"

"அம்மா சொல்லி விட்டாங்களா?"

"நான் சொல்றேன்."

அவன் சிரித்தான். "நீயுமாக்கா?"

அந்தச் சிரிப்பில் எனக்கு முகம் எரிந்தது. "செய்யலன்னா இனிமே என்கிட்ட பேசாத" என்றேன். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு மோட்டாரைத் திருப்பினான்.

முதல் சுற்று நடை வேகம்தான். இரண்டாவதில் கை தன் பழக்கத்துக்குப் போய்விட்டது. மூன்றாவதில் வளைவு வந்ததும் வலது காலை ஊன்றினான். அந்தக் காலில் இரும்பு இல்லை. பூட்ஸின் ரப்பர் மண்ணைக் கவ்விக்கொண்டது. கால் நின்றுவிட்டது, மோட்டார் நிற்கவில்லை. பழைய கோல் கம்பத்தில் அவன் முதுகு மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள் ஓடி வந்தார்கள். எந்தப் பக்கம் சுற்றினான் என்பதை அவர்களில் யாரும் கவனித்திருக்கவில்லை.

இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்வீடன்காரனுக்கு விட்டது விரிசல். இவனுக்கு நரம்பே அறுந்திருந்தது.

அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எடது பக்கமா சுத்தாதடான்னு தலபாடா அடிச்சிக்கிட்டேனே!"

தம்பி என்னைப் பார்த்தான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"ஆமாம்மா. உன் பேச்சைக் கேட்டிருக்கணும்."

அம்மா என் பக்கம் திரும்பினார். "இப்பவாச்சும் நம்புறியாடி?"

"நம்புறேன்மா" என்றேன்.