உப்புநீரில் காணாமல் போன ஆறு

உள்ளறையில் கம்ப்யூட்டரின் விசிறி இரைவது முன்னறை வரை கேட்டது. மூன்று நாளாக ஓடும் கணக்கு.

"இன்னும் முடியலையா, கயல்?" கயல்விழியின் ஆய்வு வழிகாட்டியான பேராசிரியர் ஜெயகரன் கடிகாரத்தைப் பார்த்தார். பெங்களூரிலிருந்து, சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டனிலுள்ள இந்தச் சின்ன வீட்டுக்கு இதுதான் முதல் வருகை. மடியில் ஆய்வுக் கட்டுரை. சாயந்தரத்துக்குள் ஆய்விதழுக்கு அனுப்ப வேண்டும். அதிலுள்ள கணக்குக்குக் கயல்விழி சம்மதித்தால் அவள் பெயரோடு போகும். மறுத்தால் பெயர் இல்லாமல் போகும். அவளுடைய பதினொரு வருட உழைப்பு!

அவளுக்கு வயது முப்பத்தெட்டு. கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்துகொண்டே முனைவர் பட்டத்துக்குப் படிப்பவள். கல்லூரியிலிருந்து வீடு திரும்பும் ரயிலில் பங்காருபேட்டை வரை நின்றபடியே நோட்டில் நிரல் எழுதியவள்.

உப்பு கரைந்த நீரில் நேர்மின் துகள்களும் எதிர்மின் துகள்களும் எப்படி அமைந்து நிற்கின்றன என்று கணக்கிடுவதே அவள் ஆய்வு. ஒரு துகளின் மின்னூட்டத்தை அதைச் சுற்றிய கூட்டம் நூற்றுக்கு நூறு ஈடுகட்ட வேண்டும். ஜெயகரனின் முறையில் தொண்ணூற்று நான்குதான் வந்தது. நேரம் மிச்சமாகட்டும் என்று, தொலைவிலுள்ள துகள்களின் விசையை அவர் வெட்டிவிட்டிருந்தார்.

"வெறும் ஆறு சதவீதம்! நீ ஏன் பிடிவாதம் பிடிக்கிற?"

டீ கொண்டுவந்த அப்பா கோவிந்தசாமி நின்றார். சுரங்க வாசலில் கேஜ் என்ற லிஃப்டில் இறங்குபவர்களை எண்ணும் வேலை பார்த்தவர்.

"இன்னா சார் இது? நூறு பேரை எறக்கிட்டு, தொண்ணூத்தி நாலு பேர் மேல வந்தா, ஷிப்டு முடிஞ்சிச்சின்னு வூட்டுக்குப் போயிடுவீங்களா?"

"அப்பா, சும்மா இருங்க."

"ஆறு பேரு வூட்டுக்கு நீ பதில் சொல்லுவியா?" என்று அவர் மகளைக் கேட்டார்.

ஜெயகரன் முகம் இறுகியது. "இது சுரங்கம் இல்லீங்க, பெரியவரே."

"சார், அந்த ஆறும் தூரத்துலதான் இருக்கு. நாமதான் தேடிப் போகல," என்றாள் கயல்விழி. "கிட்ட இருக்கறதை நேரா கூட்டினேன். தூரத்துல இருக்கறதை அலைகளாப் பிரிச்சிக் கூட்டினேன். எதையும் வெட்டல. தப்பா வந்தா என் பேரை நானே அடிச்சிடறேன்."

விசிறிச் சத்தம் அடங்கியது. மூவரும் உள்ளே ஓடினார்கள்.

99.98.

ஜெயகரன் குனிந்து மூன்று முறை பார்த்தார். பிறகு கட்டுரையிலிருந்த பழைய வரைபடத்தைத் திரையருகே பிடித்தார். பழையதில் துகள்களின் இரண்டாவது அடுக்கே இடம் மாறிக் கிடந்தது. அந்த ஆறு சதவீதம் செய்த வேலை!

அவர் கட்டுரையின் முதல் பக்கத்தில் தன் பெயரை அடித்து, கயல்விழியின் பெயரை மேலே எழுதி, அதற்குக் கீழே தன் பெயரை மறுபடி எழுதினார்.

"இதழ்ல ஒரு வாரம் அவகாசம் கேக்கறேன். புதுசா நீங்களே எழுதுங்க."

செருப்பை மாட்டிக்கொண்டவர் வாசலில் திரும்பி, கோவிந்தசாமியைப் பார்த்துக் கைகூப்பினார். ஆட்டோ புறப்பட்டது.

கயல்விழி கதவைச் சாத்தினாள். அதன்மேல் சாய்ந்து, அடக்கியதையெல்லாம் அழுது தீர்த்தாள்.