காலியாகப் போன டப்பா

லாஸ்பேட்டையில் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தபோது மெஸ் சாப்பாடு எனக்குத் தொண்டையில் இறங்காது. வகுப்பில் பக்கத்தில் உட்காரும் சங்கரி, முத்தியால்பேட்டையிலிருந்து தினமும் வீட்டுச் சாப்பாடு கொண்டுவருவாள். டப்பாவைத் திறந்ததும் என் பக்கம் தள்ளிவிடுவாள்.

“நீ சாப்டுடி. எனக்குப் பசிக்கல.”

எனக்குக் கசக்கவா செய்யும்? குழம்புச் சோறு, வறுத்த மீன் எல்லாவற்றையும் வழித்துத் தின்பேன். அவள் இளைத்துக்கொண்டே போனாள். “ஒல்லியா சூப்பரா இருக்கடி” என்று வேறு சொன்னேன்.

ஒருநாள் வகுப்பிலேயே மயங்கி விழுந்தாள். மருத்துவமனைக்கு நான்தான் கூடப் போனேன். உடம்பு போட்டுவிடுமோ என்ற பயத்தில் இந்தப் பெண் பல மாதங்களாகச் சரியாகச் சாப்பிடவே இல்லை என்றார் டாக்டர். பதறி ஓடிவந்த அவள் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

“ராத்திரிதான் வேணாம்னு சொல்லுவா. மதியத்துக்குக் குடுத்தனுப்புற டப்பா தெனமும் காலியாதானே வருது டாக்டர்.”

“அதெல்லாம் நான்தாம்மா சாப்பிட்டேன்” என்றேன்.

திட்டுவார் என்று நின்றேன். அவள் அம்மா மெல்லக் கேட்டார்.

“மீனுமாம்மா? அவளுக்குத் தொண்டையில சிக்கிக்கும்னு முள்ளெல்லாம் எடுத்துட்டுதானே வச்சேன்.”

சங்கரி படிப்பை நிறுத்திவிட்டாள். இன்னும் சிகிச்சையில் இருக்கிறாள். இப்போதெல்லாம் யாராவது பசியில்லை என்று டப்பாவை என் பக்கம் தள்ளினால், அவர்கள் சாப்பிடும்வரை நான் கை வைப்பதில்லை.

அந்த மீனில் ஏன் முள்ளே இருப்பதில்லை என்று அப்போதெல்லாம் நான் ஒருமுறைகூட யோசித்ததில்லை.