உபதேசியார் கேட்ட தேத்தண்ணி

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் பருத்தித்துறையில் ஒரு ஜெபக்கூட்டம். நேசமணி அக்காவின் வீட்டில். அவருடைய கணவர் ஆஸ்பத்திரியில் — மறுநாள் காலை வயிற்றில் ஒப்பரேஷன். அவருக்காக ஜெபிக்கத்தான் சபையார் இருபது பேர் திரண்டு போனோம்.

ஜெபிக்கத்தான் போனோம். ஆனால் வாசலில் கால் வைத்ததுமே உளுந்து வடை வாசம்... பாதிப் பேருக்கு அப்போதே விசுவாசம் பெருகிவிட்டது. சீனிக்குக் கியூவில் நிற்கிற காலம் இது. கூப்பனுக்குக் கிடைத்த சீனியைப் பிள்ளைகள் கண்ணில் காட்டாமல் சேர்த்து வைத்திருந்தாராம் அக்கா — எங்கள் தேநீருக்காக!

கணவனுக்கு ஒப்பரேஷன் என்றால் மனைவிக்கு என்ன வேலை? ஜெபிக்க வந்தவர்களுக்கு வடை சுடுவது! இது எந்த வேதத்தில் இருக்கிறதோ, எங்கள் சபையில் இருக்கிறது. உதவிக்கு ஒருவரும் போகவில்லையா என்று கேட்காதீர்கள். நாங்கள்தான் ஜெபத்தில் இருந்தோமே!

உபதேசியார் எழுந்தார். நல்ல மனிதர், தொண்டை அதைவிட நல்லது. அன்று அவர் எடுத்துக்கொண்டது, இயேசு இரண்டு சகோதரிகளின் வீட்டுக்குப் போன கதை. ஒருத்தி அவர் காலடியில் உட்கார்ந்து கேட்கிறாள். மற்றவள் குசினியில் கிடந்து மாய்கிறாள். உட்கார்ந்தவள்தான் ஆண்டவரிடம் நல்ல பெயர் வாங்குகிறாள்.

"சட்டி பானையைப் பிறகு பாக்கலாம், சகோதரிகளே! முதல்லை வந்து அவரின்ரை காலடியிலை இருங்கோ!" என்று முழங்கினார்.

குசினிக்குள் எண்ணெய்ச் சத்தம் நின்றது. நேசமணி அக்கா முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தார். முன்னால் பாயில் உட்கார்ந்து கண்ணை மூடினார். கண்ணீர் பொலபொலவென்று வழிந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. யாருக்காகக் கூடினோமோ அவருடைய மனைவிக்கு அப்போதுதான் ஜெபத்தில் இடம் கிடைத்திருக்கிறது.

பிரசங்கம் முடிந்து கடைசிப் பாட்டும் பாடியாயிற்று. அக்கா எழும்பவில்லை. இன்னொரு பாட்டுப் பாடினோம். எழும்பவில்லை. யாரோ இருமினார்கள். உபதேசியார்தான் கடைசியில் மெல்லக் குனிந்தார்.

"தங்கச்சி... தேத்தண்ணி?"

அக்கா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "அடுப்பை நூத்துப்போட்டன், ஐயா. நீங்கள்தானே வந்து இருக்கச் சொன்னியள்? காலமை துவங்கி நிண்டபடி நிக்கிறன்... அந்த மனுசனுக்காக இன்னும் ஒரு வார்த்தை செபிக்கேல்லை. உங்களுக்கு வேணுமெண்டால் எல்லாம் குசினியிலை கிடக்கு."

காலடியில் உட்கார்ந்தவளைப் புகழாத பிரசங்கி உண்டா? ஆனால் அன்றைக்கு அந்தச் சகோதரிகளின் வீட்டில் இயேசுவுக்குச் சாப்பாடு எப்படி வந்தது என்று ஒருவரும் மூச்சு விடுவதில்லை. ஜெபமும் வேண்டும், வேலையும் வேண்டும் — சரி. ஜெபமெல்லாம் எங்களுக்கு, வேலையெல்லாம் ஒருத்திக்கு என்று பங்கு பிரித்தது யார்? ஆண்டவராக இருக்காது.

(ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. கவலை வேண்டாம்.)

உபதேசியார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் குசினிக்குப் போனோம். தண்ணீர் தெளித்து அணைத்த விறகு இலேசில் பற்றுமா?

முழங்கால் உளைவு என்று எப்போதும் கதிரையில் இருந்தே ஜெபிக்கிற எங்கள் உபதேசியார், அன்றுதான் முழங்காலில் நின்றார் — அடுப்பு ஊத!