எங்கள் நாய் தடுத்த கோல்

என் வீட்டுக்காரர் வேலைக்காலம் முழுவதும் அரசு பஸ் ஓட்டியவர். நான் அரசு மருத்துவமனையில் நர்சாக இருந்தேன். அவர் வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிற நேரம் நான் டியூட்டிக்குக் கிளம்புவேன். நான் திரும்பி வரும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். உட்கார்ந்து சண்டை போடக்கூட எங்களுக்கு நேரம் வாய்த்ததில்லை. இருவரும் ஓய்வு பெற்று, மகளும் கல்யாணமாகிச் சென்னைக்குப் போன பிறகு, பகல் முழுக்க ஒரே வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பது எப்படி என்று தெரியாமல் கொஞ்ச நாள் இருவருமே திண்டாடினோம். மிக்சியை ஏன் இப்போது போடுகிறாய் என்பார். ஃபேனை ஏன் நிறுத்தவில்லை என்பேன்.

அந்தச் சமயத்தில்தான் நாய்கள் வந்தன. மூத்தவள் மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் அவர் போட்ட பிஸ்கட்டுக்குப் பழகியவள். ஒருநாள் ஸ்கூட்டருக்குப் பின்னாலேயே வீடு வரை ஓடிவந்தாள். திரும்பிப் போகவில்லை. சின்னவன் அவருடைய சிநேகிதர் கொடுத்த குட்டி. நல்ல கறுப்பு. செருப்பு, துடைப்பம், மாவுச் சல்லடை என்று எதையும் கவ்விக்கொண்டு ஓடுவான். சிநேகிதர் சொந்தமாக உப்பளம் வைத்திருப்பவர். என்னை அண்ணி என்று கூப்பிடுவார். அவர் மனைவிக்கு நான் அக்கா. நாங்கள் நான்கு பேரும் விடியற்காலையில் நாய்களை முன்னால் விட்டு உப்பளத்து வரப்பில் நடப்போம். ஆண்கள் முன்னால் பந்தாட்டம் பேசிக்கொண்டு போவார்கள். நாங்கள் பின்னால் அவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டு போவோம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்களுக்குக் கால்பந்து ஆட்டம். உப்பளத்தை ஒட்டிய கெட்டித் தரைதான் கிரவுண்டு. ஒரு புல் கிடையாது. பந்து பாத்திக்குள் விழுந்துவிட்டால் துடைத்துத்தான் எடுத்து வர வேண்டும். துடைக்காமல் தலையால் முட்டியவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஆடுகிறவர்கள் எல்லாம் பேரப்பிள்ளை எடுத்தவர்கள். ஆஃப்சைடு விதி உண்டா என்று நான் ஒருமுறை கேட்டபோது உப்பளக்காரர், "ஓடுனாதானே அண்ணி ஆஃப்சைடு? நாங்க எங்க ஓடறோம்!" என்றார். என் வீட்டுக்காரர் கோல்கீப்பர். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு அதுதான் நல்ல இடம் என்பது அவருடைய கணக்கு. ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஹாரன் கேட்டால் அவர் தலை தானாகத் திரும்பும். அப்படித் திரும்பிய நேரத்தில் கோல் வாங்கியதும் உண்டு.

போன கோடையில் ஒரு திங்கட்கிழமை. முதல் நாள் ஆட்டத்தில் வீங்கிய முழங்காலுக்கு நான் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது உப்பளக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். அடுத்த ஞாயிறு பெருமுக்கல் பக்கத்து விவசாயிகள் நம்மோடு ஆட வருகிறார்களாம். ஆனால் வழக்கமாக விசில் ஊதுகிறவர் மகளின் பிரசவத்துக்காக ஊரில் இருக்கமாட்டாராம்.

"அக்காவ நிக்க வெச்சா இன்னா?" என்றாள் உப்பளக்காரர் மனைவி. "வார்டுல போட்ட சத்தத்துக்கு எத்தினி பேரு அடங்கினாங்க!"

என் வீட்டுக்காரர் சிரித்தார். "இவளா? இவளுக்குக் கார்னர் எது, த்ரோ எதுன்னு தெரியாது."

அந்தச் சிரிப்புக்காகவே ஒப்புக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. சமைத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று, "பால் கையில பட்டா?" என்று திடீரென்று கேட்பார். "ஃபவுல்" என்பேன். "கீப்பர் கையில பட்டா?" நான் கரண்டியோடு திரும்பிப் பார்த்தால், "கேக்கறேன், சொல்லு" என்பார். துணி மடித்துக்கொண்டே விதிகளைக் கற்றேன். உண்மையைச் சொன்னால், கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் அவ்வளவு பேசிக்கொண்ட வாரம் வேறு இல்லை. வெள்ளிக்கிழமை ஒரு விசில் வாங்கிக் கொடுத்தார். சின்னவன் அதையும் கவ்வப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை பெருமுக்கல்காரர்கள் ஒரு மினி வேனில் வந்து இறங்கினார்கள். வயல் வேலை செய்த உடம்பு, நம் ஆட்களைவிட வேகம். அவர்களில் தலை நரைத்த ஒருவர் என்னைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"சிஸ்டர்! என் பொண்ணு பிரசவத்துக்கு நீங்கதானே இருந்தீங்க? நீங்க ஊதனா சரியாத்தான் இருக்கும்."

ஆட்டம் நான் பயந்த மாதிரி இல்லை. சுடிதாரும் கேன்வாஸ் ஷூவுமாக ஓடினேன். அவர்கள் ஒன்று போட்டார்கள், நம்மவர்கள் ஒன்று போட்டார்கள். நாய்களைப் பிடித்துக்கொண்டு உப்பளக்காரர் மனைவி ஓரத்தில் நின்றாள். முடிகிற நேரத்தில் அந்த நரைத்தவர் இடது பக்கமாக வந்து பந்தைத் தட்டினார். என் வீட்டுக்காரர் பாய்ந்தார். பந்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே பாய்ந்துவிட்டார். அவர் குப்புற விழ, பந்து அவரைத் தாண்டி மெதுவாக உருண்டு கோலுக்குள் போகப் பார்த்தது. அந்த நேரம் சின்னவன் கயிற்றை உருவிக்கொண்டு கறுப்பாகப் பாய்ந்து வந்தான். பந்தைக் கவ்வ வாயைத் திறந்தான். அது வாயில் அடங்காமல் மூக்கில் இடித்துத் திரும்பி வெளியே ஓடியது. அவன் 'வீல்' என்று கத்தினான்.

நான் விசில் ஊதிக்கொண்டே ஓடி அவன் மூக்கைத் தடவிப் பார்த்தேன். ரத்தம் இல்லை. நிமிர்ந்தால் இரண்டு அணியும் என்னைச் சுற்றி நின்றன.

"கோல் இல்ல அண்ணி!" என்றார் உப்பளக்காரர். "நாய் தடுத்தா ஆட்டத்த நிறுத்திட்டு, பால திரும்பப் போடணும். அதான் ரூலு."

அந்த நரைத்தவர் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தார். என் வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்தபடி மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த ரூலு எனக்குத் தெரியாது," என்றேன். "நாய் என்னுது. அது பண்ணதுக்கு அவங்க ஏன் தோக்கணும்? கோல்தான்."

வார்டில் பேசுகிற குரலில் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. இரண்டு அணியும் நடுக்கோட்டுக்குத் திரும்பி நடந்தன. அந்த ஒரு கோலில் நம்மவர்கள் தோற்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் குளித்தார், சாப்பிட்டார், படுத்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் நான் எழுவதற்குள் தனியாகக் கிளம்பிவிட்டார். நாய்களைக்கூடக் கூட்டிப்போகவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. நாய்களோடு வரப்புக்குப் போனேன். அங்கே உப்பளக்காரர் என் வீட்டுக்காரரிடம் செல்போனை நீட்டிக்கொண்டிருந்தார்.

"பாருப்பா, போட்டிருக்குது பாரு. நாய் பட்டா கோல் கெடையாது. அண்ணி கிட்ட காட்டு."

"ரூல்ல இன்னா வேணா போட்டிருக்கட்டும்பா," என்றார் என் வீட்டுக்காரர். "பால் உள்ளதான் போயிருக்கும். நான்தானே கீழ விழுந்து கெடந்து பாத்துகினு இருந்தேன். அவ சொன்னது சரிதான்."

நான் அவர் முன்னால் போய் நின்றேன். "அப்ப எதுக்குங்க ராத்திரியெல்லாம் மூஞ்சியத் தூக்கி வெச்சினு இருந்தீங்க?"

அவர் உப்புப் பாத்தியைப் பார்த்தார். உப்பளக்காரர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நாலு எட்டு தள்ளிப் போனார்.

"விழுந்தது நானு," என்றார் கடைசியில். "நீ ஓடனது நாய்கிட்ட."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. "அது கத்துச்சுங்க. நீங்க கத்தலையே!"

"கத்துனாதான் வருவியா?"

அந்த வரப்பிலேயே அவரை உட்கார வைத்து, பேன்ட்டை மேலே சுருட்டிவிட்டு முழங்காலைப் பார்த்தேன். நன்றாகவே வீங்கியிருந்தது. ராத்திரி முழுக்க அதோடுதான் சொல்லாமல் படுத்திருந்திருக்கிறார். வலிக்கிறதா என்று அழுத்திப் பார்த்துக் கேட்டேன். "இல்ல" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. கட்டு போட வேறு ஒன்றும் இல்லாததால் துப்பட்டாவை இறுக்கிச் சுற்றினேன். சின்னவன் வந்து அந்தக் காலை முகர்ந்து பார்த்துவிட்டு அவர் மடியில் தலையை வைத்தான். "போடா, வந்துட்டான் கோல்கீப்பரு" என்றார். ஆனால் தள்ளிவிடவில்லை.

உப்பளக்காரரின் ஆட்கள் சிலர் அப்போதுதான் வேலைக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். பஸ் ஓட்டின ஐயா காலில் பூப்போட்ட துப்பட்டாவோடு என் தோளைப் பிடித்து நடப்பதைப் பார்த்து ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் அதையும் பார்த்தார். தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் பெருமுக்கல் நரைத்தவர் போன் செய்தார். அடுத்த மாதம் அவர்கள் கிரவுண்டில் ஆட்டமாம், சிஸ்டர்தான் விசில் ஊத வேண்டுமாம். என் வீட்டுக்காரர் போனை வாங்கி, "அவுங்க வருவாங்க. நானும் வருவேன், ஆனா ஆட மாட்டேன், கால் செரியில்ல" என்றார். பிறகு என்னைக் கேட்காமலே, "மதியச் சாப்பாடு உண்டா?" என்று விசாரித்தார்.