கூடைக்குப் பின்னால் அப்பா

என் அப்பாவுக்குத் தலைவர் என்ற சொல்லே ஆகாது. அரசாங்கம் வேண்டாம், கட்சி வேண்டாம், மனிதர்கள் கூடி உட்கார்ந்து பேசித் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள் என்று கடைசிவரை நம்பியவர். தன்னை அனார்க்கிஸ்ட் என்பார். விளாங்குடியில் எங்கள் தெருக்காரர்கள், "அது எந்தக் கூட்டணியில இருக்கு சார்?" என்று கேட்பார்கள். அப்படிப்பட்டவருக்கு மகனாகப் பிறந்து நான் தாலுகா ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். சாயங்காலம் என் வண்டிச் சத்தம் கேட்டதும், "அரசாங்கம் வருது, காபி போடு" என்பார் அம்மாவிடம். இப்போது கல்லூரியில் படிக்கும் என் மகளும் தன்னை அனார்க்கிஸ்ட் என்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் மத்தளமாக நான்.

அப்பா இறந்தபோது காரியம் எதுவும் செய்யவில்லை. அது அவர் விருப்பம். ஆனால் சடங்கு வேண்டாம் என்பவர்களுக்கு எங்கள் பக்கம் படத்திறப்புதான் சடங்கு. அக்கா வீட்டுக்காரர் மண்டபமும் பிடித்துவிட்டார். அப்புறம்தான் அப்பா தனியாக எடுத்துக்கொண்ட படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை என்பது உறைத்தது.

"படம் இல்லாம எப்படி மாப்ள படத்திறப்பு?" என்றார் அவர்.

ஆதார் அட்டைப் படம் இருந்தது. அதில் எல்லாரையும் போல அப்பாவும் திருட்டுக் கொடுத்தவர் மாதிரி முழித்தார். "அரசாங்கமே வேணாம்னு சொன்ன மனுசனுக்கு அரசாங்கம் எடுத்த படமா?" என்றாள் மகள்.

மிஞ்சியது ஒரு பழைய கூட்டப் படம். அப்பா திருவாதவூரில் வாத்தியாராக இருந்த காலத்தில், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலை ஊர்க்காரர்களே கூடித் தூர்வாருவார்கள். யாரும் யாரையும் ஏவுவதில்லை. வட்டமாக உட்கார்ந்து, கடைசி ஆள் சரி என்கிறவரை பேசிக்கொண்டே இருப்பார்களாம். அந்தப் படத்தில் சேறும் சிரிப்புமாக ஒரு கூட்டம். ஓரத்தில் அப்பா, ஒரு பெண்ணின் தலையில் மண்கூடையை ஏற்றிவிடுகிறார். முகத்தைக் கூடை மறைத்துவிட்டது.

"அவரை மட்டும் வெட்டி எடுத்து, ஆதார் முகத்த ஒட்டிருவோம்ணே" என்றார் ஃப்ளெக்ஸ் கடைக்காரர். நானும் சரி என்றேன். மகள் அழுதாள்.

"தனியா வெட்டி எடுத்தா அது தாத்தாவே இல்லப்பா."

"எங்கப்பா முகத்த நான் பாக்க வேணாமா?" என்று கத்தினேன். எனக்கு அவ்வளவு ஆத்திரம். பிறகு அவளுடைய வீங்கிய கண்களைப் பார்த்து, எப்படியோ தொலையட்டும் என்று முழுப் படத்தையே பெரிதாக்கச் சொன்னேன்.

திருவாதவூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். யார் தலைமை, யார் திறப்பது என்று அக்கா வீட்டுக்காரர் தவித்துக்கொண்டிருக்கையில், அவர்களே நாற்காலிகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். பேசினார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாருமாக எழுந்துபோய்த் துணியை இழுத்தார்கள்.

படத்தைப் பார்த்ததும் ஒரே சத்தம். "இந்தா எங்கய்யா!" "ஏய், அது எங்க சின்னம்மாடீ!" ஆளுக்கொரு மூலையில் விரல் வைத்தார்கள். அப்பாவை யாரும் தேடவில்லை. எனக்கு முதலில் வருத்தமாகத்தான் இருந்தது.

என் வயதுள்ள ஒரு பெண் மட்டும், கூட வந்த கிழவி ஒருத்தி விரல் நீட்டிக் காட்டிய ஓரத்தில் சத்தமில்லாமல் நின்றாள். கூடை ஏந்தியவளின் கன்னத்தைத் தொட்டாள்.

"எங்கம்மா. நான் கைப்புள்ளயா இருக்கயில போய்ட்டாக. அவுகளுக்குப் படமே கெடையாது. எப்படி இருப்பாகன்னு இன்னைக்குத்தேன் பாக்குறேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இதுல உங்கய்யா யாருண்ணே?" என்று கேட்டாள்.

அப்பாவை மட்டும் வெட்டியிருந்தால் கத்தரி அவளுடைய அம்மாவின் முகத்தின் மேல்தான் போயிருக்கும். கூடையின் அடியில் தெரிந்த இரண்டு கைகளைக் காட்டினேன்.