தூங்குமூஞ்சிக் காய்

அனிஷா சுற்றுச்சூழல் படிப்பில் சேர்ந்தபோது, பள்ளிக்கூட வாத்தியாரான அவளுடைய அப்பா, வங்கித் தேர்வுக்கு அது உதவுமா என்று மட்டும் கேட்டார். உதவாது என்று தெரிந்தேதான் சேர்ந்தாள். திண்டுக்கல்லை விட்டுச் சற்றுத் தள்ளி இருக்கும் அந்தக் கல்லூரியில் மற்றவர்கள் பாடத்தைப் பரீட்சைக்குப் படித்தார்கள். அவள் நம்பிப் படித்தாள். இரண்டாம் ஆண்டிலேயே பசுமை மன்றத்துக்குச் செயலாளர் ஆனாள்.

கல்லூரிக்குப் பசுமைச் சான்றிதழ் வேண்டியிருந்தது; விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாம். அனிஷாவுக்குச் சருகு கொளுத்தும் புகை நின்றால் போதும். வளாகத்தில் விழும் எதையும் எரிக்கக் கூடாது, வெளியே கொண்டுபோகக் கூடாது, எல்லாம் உரக்குழிக்கே போக வேண்டும் என்று அவள் திட்டம் எழுதினாள். "ஓர் இலைகூட வாசலைத் தாண்டாது" என்று மதில் சுவரில் தன் கையாலேயே எழுதினாள். முதல்வர் அந்த வரியை மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கினார்.

வளாகத்தைக் கூட்டியவர்களில் பெருமாயி ஒருத்தி. ஒப்பந்தக்காரர் கொடுக்கும் கூலி வீட்டு வாடகையோடு தீர்ந்துவிடும். மற்றதெல்லாம் அவள் வளர்த்த நான்கு வெள்ளாடுகளை நம்பித்தான். கோடையில் மைதானத்து ஓரத் தூங்குமூஞ்சி மரங்கள் கறுப்புக் காய்களாக உதிர்க்கும். பிசுபிசுப்பும் இனிப்புமான அந்தக் காய்க்கு ஆடுகள் உயிரை விடும். மேய்ச்சல் காய்ந்துபோகும் அந்த மாதங்களில், வேலை முடிந்ததும் ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு போவாள். யாரும் ஏனென்று கேட்டதில்லை. அனிஷாவே பலமுறை பார்த்திருக்கிறாள். திட்டம் எழுதும்போது மட்டும் அது நினைவுக்கு வரவில்லை. கூட்டுகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவும் தோன்றவில்லை. இத்தனைக்கும் மக்கள் பங்கேற்பு என்ற பாடத்தில் வகுப்பிலேயே அவள்தான் முதல்.

சான்றிதழ்க் குழு வந்த அன்று சாயங்காலம், வாயிற்காவலர் சூசை பெருமாயியைச் சாக்கோடு நிறுத்தினார். குழுவினர் காரில் ஏற வந்துகொண்டிருந்த நேரம். அலுவலக மேலாளர் பதறிப்போய் அனிஷாவைக் கூப்பிட்டார்.

"நீங்க எழுதின திட்டப்படி இது வெளிய போகலாமாம்மா?"

பெருமாயி அவளைப் பார்த்துச் சிரித்தாள். தெரிந்த பிள்ளை, சொல்லிவிடும் என்ற சிரிப்பு.

"போகக் கூடாது சார்," என்றாள் அனிஷா.

குழுவில் ஒருவர் பாராட்டுவதுபோலத் தலையசைத்தார். மறுநாள் பெருமாயி வேலைக்கு வரவில்லை. திருட்டு என்று சொல்லி ஒப்பந்தக்காரர் நிறுத்திவிட்டதாக மற்றவர்கள் சொன்னார்கள். மரம் தானாக உதிர்த்ததை எடுத்தவளுக்குத் திருடி என்று பெயர். அவள் உழைப்பை அரைக் கூலிக்கு எடுத்துக்கொண்டவருக்கு முதலாளி என்று பெயர்.

அனிஷா மேலாளரிடம் போனாள், முதல்வரிடம் போனாள், தப்பு தன்னுடையது என்றாள். பெருமாயி ஒப்பந்தக்காரரின் ஆள், கல்லூரிக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். கல்லூரி சொல்லாமல் சேர்க்க முடியாது என்றார் ஒப்பந்தக்காரர். இதற்கிடையில் சான்றிதழ் வந்துவிட்டது. அதை அவள் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள்.

சித்திரையில் ஒரு மழை பெய்ததும், உரக்குழியில் கொட்டிய காய்கள் மக்குவதற்குப் பதிலாக முளைவிட்டன. அனிஷா மரத்தடியில் கிடந்ததை ஒரு சாக்கு நிறைய அள்ளி ஸ்கூட்டியில் வைத்தாள். சூசை நிறுத்திக் கேட்கட்டும் என்றே வாசலில் வண்டியை மெதுவாக ஓட்டினாள். சாக்கு சரிவதைப் பார்த்த அவர், "செத்த இரும்மா" என்று வந்து, கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிட்டார். உள்ளே என்ன என்று கேட்கவே இல்லை.

பெருமாயி வீட்டுக்குப் பின்னால் ஆடு கட்டும் முளைக்குச்சிகள் மட்டும் நின்றன. தீனிக்கு வழியில்லாமல் நான்கையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டதாகவும், இப்போது வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில்லுக்குப் போய் வருவதாகவும் பெருமாயி சொன்னாள். பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாமல் நடுநடுவே இருமினாள்.

"அன்னைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்க்கா."

"சொன்னியே தாயி," என்றாள் பெருமாயி. குரலில் கோபமில்லை.

அனிஷா சாக்கைத் திரும்ப வண்டியில் தூக்கி வைக்கப் போனாள்.

"அதை வச்சிட்டுப் போ. பக்கத்து வீட்டுல ஒரு குட்டி நிக்குது."