காக்கா விரட்டிய கல்யாண டிஸ்க்

சங்கரன்கோவிலில் தறி ஓட்டிக்கொண்டிருந்தபோது என் அறைக்கு அடுத்த வீட்டில் ஒருவர் குடியிருந்தார். அதே தறிக்கூடத்தில்தான் அவருக்கும் வேலை. ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரிக்கு வண்டி கிடைக்காமல் அப்படியே போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாளுக்கு மாலை போட ஒரு படம் வேண்டும். மனிதர் வைத்திருந்தது பட்டன் போன். ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கினால் கரித்துணி மாதிரி வந்தது.

“அவுக அண்ணன் கல்யாண டிஸ்க்குல இருப்பாவ” என்றாள் அவர் மனைவி.

அந்த அண்ணன் பாத்திரக்கடைக்காரர். கடைத்தெருவே அண்ணாச்சி என்று கும்பிடும். தம்பி முகம் பதிந்த ஒரே டிஸ்க்கை, மொட்டைமாடியில் வடகத்துக்குக் காக்கா விரட்ட நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். காற்றில் சுவரில் மோதி மோதி விளிம்பெல்லாம் கீறல்.

“அதுல என்ன இருக்கு? பூராம் பாத்தாச்சுல்லா” என்றார்.

எட்டாவதோடு பள்ளியை விட்டு ஊர் ஊராகச் சுற்றியவன் நான். மதுரையில் கொஞ்ச காலம் ஒரு சிடி கடையில் வேலை பார்த்ததால் இந்த வேலை என் தலையில் விழுந்தது. பிளேயர் அண்ணாச்சி வீட்டுக் கூடத்தில் இருந்தது. அங்கேயே உட்கார்ந்தேன். உடனே அவருக்கும் அவர் மைத்துனனுக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது.

“ஏலே, வாழப்பழத் தோல வச்சுத் தேய்லே. போன்ல காட்டுதான்லா.”

“தேங்காயெண்ண போடும் வே, பளபளன்னு வரும்.”

தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு வண்டி அனுப்பத் தெரியாத ஆட்கள், டிஸ்க்குக்கு வைத்தியம் சொன்னார்கள்.

சோப்புத் தண்ணீரில் கழுவினேன். பழைய பனியன் துணியில் வெள்ளைப் பேஸ்ட் தொட்டு, நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் தேய்த்தேன். வட்டமாகத் தேய்த்தால் உள்ளதும் போகும். போட்டதும் தாலி கட்டுவது நன்றாக ஓடியது. டிஸ்க் உள்ளிருந்து வெளியே ஓடும். உள்ளே அவ்வளவாகக் கீறல் இல்லை. மேடையில் மச்சினன்மார், வட்டிக்கடைக்காரர், கட்சிக்காரர் எல்லாரும் வந்து நின்றார்கள். தம்பியைக் காணோம்.

“மேடையில ஏறக் கூச்சப்பட்டான்” என்றார் அண்ணாச்சி.

“கூப்பிட்டாத்தான கூச்சப்படதுக்கு” என்றாள் தம்பி மனைவி வாசற்படியில் இருந்து.

பந்தி வந்ததும் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. எடுத்து மறுபடி தேய்த்தேன். தோள் கடுத்தது. மைத்துனன் கொட்டாவி விட்டான். திரும்பப் போட்டபோது பந்தி ஓடியது. இலைக்கு முன்னால் எல்லாரும் கேமராவைப் பார்த்து வாயைப் பொத்தினார்கள். அவர்களுக்கு நடுவே இடுப்பில் துண்டு கட்டி, சாம்பார் வாளியோடு என் பக்கத்து வீட்டுக்காரர். யாரோ கூப்பிட, நிமிர்ந்து சிரித்தார். அப்படியே நிறுத்தி என் போனில் எடுத்துக்கொண்டேன்.

அவள் டிவிக்குப் பக்கத்தில் வந்து நின்று வெகுநேரம் பார்த்தாள்.

“கழுத்துக்கு மேல மட்டும் வெட்டிக் கோட்டு மாட்டச் சொல்லிருவோம். ஸ்டுடியோல செய்வான். குடும்பத்துக்கு ஒரு மரியாத வேண்டாமா?” என்றார் அண்ணாச்சி.

“வாளியும் வேணும் அத்தான். கோட்டு போட்டா எம்பிள்ளைகளுக்கே ஆள் தெரியாது.”

“சனம் என்ன நெனைக்கும்?”

“உங்க கல்யாணத்துல அவுக எங்கன நின்னாவளோ, அங்கனயே நிக்கட்டும்.”

அவர் ஸ்டுடியோவுக்குப் போன் போடுவதற்குள் நான் படத்தை வாளியோடு அப்படியே பிரிண்ட் போடச் சைக்கிளை எடுத்துவிட்டேன்.

பதினாறாம் நாள் அண்ணாச்சி மாலையோடு வந்தார். கல்யாண மாப்பிள்ளைக்குப் போடுகிற அளவு மாலை. படத்தில் போட்டதும் வாளி மறைந்தது. அவள் எழுந்து, மாலையை இரண்டாக மடித்துச் சட்டத்தின் மேல் ஆணியில் ஏற்றி மாட்டிவிட்டு, அவரைச் சாப்பிட உட்காரச் சொன்னாள்.